ஆஸ்பத்திரி பெட்லயே கையெழுத்து வாங்கிட்டாங்க, கேஸை அவங்ககிட்ட இருந்து திரும்ப வாங்க முடியுமா?

கேள்வி: வணக்கம் மேடம். எங்க ஊர் திண்டிவனம் பக்கம், பேர் போட வேண்டாம். எங்க அண்ணனுக்கு 32 வயசு, டைல்ஸ் ஒட்டுற வேலை. பைக்ல வரும்போது லாரி இடிச்சு வலது கால்ல முட்டிக்கு கீழ ரெண்டு எலும்பும் உடைஞ்சு ராடு வச்சிருக்காங்க, அஞ்சு மாசம் ஆகப்போகுது இன்னும் குச்சி வச்சுதான் நடக்குறார். ஜி.ஹெச்ல சேர்த்த மூணாவது நாளே ஒருத்தர் பழம் ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டு வந்து வக்கீல் ஆபீஸ்ல இருந்து வர்றேன், உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல, நஷ்டஈடு வாங்கித்தர்றோம், ட்ரீட்மென்ட்டும் நானே ஃப்ரீயா ஏற்பாடு பண்ணிட்டேன்னு சொன்னார். கைல 20,000 ரூபா குடுத்தார். நிறைய பேப்பர்ல கையெழுத்து வாங்கினார், சிலது வெத்து பேப்பர், ஒரு புரோநோட்டும் இருந்துச்சு. வர்ற பணத்துல 35 பர்சென்ட் அவங்களுக்காம். இப்ப வந்து அடுத்த லோக் அதாலத்ல 3 லட்சத்துக்கு முடிச்சுடலாம், வேற ஊர்ல ஒரு பேங்க்ல அக்கவுண்ட் ஓபன் பண்ணி செக் புக்ல கையெழுத்து போட்டு குடுங்கன்னு சொல்றார். கேஸ் நம்பர் கேட்டா குடுக்க மாட்டேங்குறார், வக்கீலை நாங்க பாத்ததே இல்ல. இன்னொன்னு, எங்க அத்தை பையனும் பைக்ல பின்னாடி உக்காந்திருந்தான்னு சொல்லுங்க, அவன் பேர்லயும் ஒரு கேஸ் போடலாம்னு சொல்றார். அவன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. போன வாரம் டிவில ஒரு க்ரைம் படம் ஓடுச்சு, ஆக்ஸிடென்ட்ல மாட்டினவங்களை வச்சு வக்கீலுங்க சம்பாதிக்கிற கதை, அண்ணன் பாதியிலேயே ஆஃப் பண்ணிட்டார். வக்கீலை மாத்தினா கேஸ் தோத்துடும், அவங்க ஆளுங்க கோர்ட்டு பூரா இருக்காங்கன்னு பயப்படுறார். நிஜமாவே இப்படி எல்லாம் நடக்குமா, நாங்க மாட்டிக்கிட்டோமா?

பதில்:

தங்கச்சி, முதல்ல உங்க கடைசி கேள்விக்கு வர்றேன். நடக்குது. ஆனா நீங்க முழுசா மாட்டிக்கல, ஏன்னா அவர் கேக்குற ரெண்டு முக்கியமான விஷயத்துக்கு நீங்க இன்னும் சரின்னு சொல்லல, செக் புக்ல கையெழுத்து போடல, அத்தை பையன் பேர்ல கேஸ் போட ஒத்துக்கல. இந்த ரெண்டையும் எந்த காரணத்துக்காகவும் செய்யாதீங்க, மத்தது எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம்.

நான் மோட்டார் விபத்து கேஸ்தான் நடத்துறேன், உங்க லெட்டர்ல இருக்குற ஒவ்வொரு வரியும் எனக்கு பழக்கமானது, அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் உட்பட. 2022-ல இந்தியால நாலு லட்சத்து 61 ஆயிரத்துக்கு மேல சாலை விபத்து பதிவாச்சு, அதுல தமிழ்நாட்டுல மட்டும் 64,105, எண்ணிக்கைல நாட்டுலயே நாமதான் முதல் இடம். இத்தனை விபத்து நடக்குற இடத்துல அந்த தகவலுக்கே ஒரு விலை வந்துடுது. அடிபட்டவர் வந்ததும் ஆஸ்பத்திரில ஏஆர் போடுவாங்க, அதாவது ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர், அதுல பேர், ஊர், எந்த வண்டி இடிச்சுது, என்ன காயம் எல்லாம் இருக்கும். அது ஸ்டேஷனுக்கு போகும். இந்த வழியில யாரோ ஒருத்தர் போன் பண்ணி சொல்லிட்டா போதும், அவருக்கு ஒரு கமிஷன், மறுநாள் புரோக்கர் வார்டுல நிப்பார். யார் சொன்னாங்கன்னு உங்களால கண்டுபிடிக்க முடியாது, அதுல இப்ப நேரத்தை செலவு பண்ணவும் வேண்டாம்.

அவர் வந்து முதல்ல என்ன பாத்திருப்பார் தெரியுமா, உங்க அண்ணன் முகத்தை இல்ல, கட்டில் கம்பில மாட்டியிருந்த எக்ஸ்ரே கவரை. எலும்பு எத்தனை இடத்துல உடைஞ்சிருக்கு, பிளேட்டா ராடா, அப்புறம் எஃப்ஐஆர்ல வண்டி நம்பர் இருக்கா, அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் ஓடுதா. லாரிக்கு இன்ஷூரன்ஸ் இல்லைன்னு தெரிஞ்சிருந்தா அந்த ஹார்லிக்ஸ் உங்களுக்கு வந்திருக்காது. கேஸ் தேறும்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் 20,000 கைக்கு வருது, அந்த நேரத்துல மருந்து வாங்கவும் வீட்டு வாடகைக்கும் பணம் இல்லாம தவிக்கிற குடும்பம் அதை எப்படி வேண்டாம்னு சொல்லும், நீங்க வாங்கினதுல தப்பே இல்ல. ட்ரீட்மென்ட் ஃப்ரீயா ஏற்பாடு பண்ணேன்னு சொன்னாரே, அது அவர் பண்ணது இல்ல. அரசு ஆஸ்பத்திரில அதுக்கு யாரோட சிபாரிசும் வேண்டாம், அதுக்கு மேல 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச நம்மைக் காக்கும் 48 திட்டத்துல விபத்து நடந்து முதல் 48 மணி நேர சிகிச்சை பட்டியல்ல இருக்குற தனியார் ஆஸ்பத்திரிலயும் இலவசம். அரசாங்கம் குடுக்குறதை தன் கைல இருந்து குடுக்குற மாதிரி காட்டி உங்க அண்ணனை கடன்பட்ட மனுஷனா ஆக்கிட்டார், இன்னைக்கு அவர் பயப்படுறதுல பாதி அந்த கடன்பட்ட உணர்வுதான்.

இப்ப பணக் கணக்குக்கு வர்றேன், இதைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. எல்லாரும் 35 பர்சென்ட் அநியாயம்னு மட்டும் பாக்குறாங்க. அநியாயம்தான், ஆனா பெரிய நஷ்டம் அந்த 35-ல இல்ல, அந்த 3 லட்சத்துல இருக்கு.

உங்க அண்ணனுக்கு 32 வயசு. சுப்ரீம் கோர்ட் 2009-ல சர்லா வர்மா கேஸ்ல வயசுக்கு ஏத்த மாதிரி ஒரு மல்டிப்ளையர் அட்டவணை, அதாவது வருஷ வருமானத்தை எத்தனையால பெருக்கணும்ங்கிற கணக்கு, குடுத்திருக்கு, 31-ல இருந்து 35 வயசு வரைக்கும் 16. 2017-ல பிரணய் சேத்தி கேஸ்ல சொந்தமா வேலை செய்றவங்க 40 வயசுக்கு கீழ இருந்தா வருங்கால சம்பாத்தியத்துக்காக 40 சதவீதம் சேர்க்கணும்னு சொல்லியிருக்கு, நிரந்தர ஊனம் ஆன காயக் கேஸ்கள்லயும் இதை சேர்க்கணும்னு பின்னாடி தீர்ப்பு வந்திருக்கு. கணக்குக்காக மாசம் 15,000 வருமானம்னு வச்சுக்கோங்க. வருஷத்துக்கு 1,80,000. 40 சதவீதம் சேர்த்தா 2,52,000. 16-ஆல பெருக்குனா 40,32,000. இப்ப அவரோட சம்பாதிக்கிற சக்தி 40 சதவீதம் போச்சுன்னு ட்ரிப்யூனல், அதாவது விபத்து நஷ்டஈட்டை விசாரிக்கிற கோர்ட், முடிவு பண்ணா அந்த ஒரு தலைப்புல மட்டும் 16,12,800 ரூபா. இது போக மருத்துவச் செலவு, வலிக்கு, வேலைக்கு போகாத மாசங்களுக்கு, கூட இருந்து பாத்துக்கிட்டவங்களுக்கு, அடுத்து ராடு எடுக்குற ஆபரேஷனுக்குன்னு தனித்தனியா இருக்கு, எல்லாத்துக்கும் மேல வட்டி.

இதே 40 சதவீதத்தை ஒரு பர்சென்ட்டுக்கு 5,000 ரூபான்னு மொத்தமா போட்டா வெறும் 2 லட்சம். இந்த முறையும் நம்ம ட்ரிப்யூனல்கள்ல நடைமுறைல இருக்கு, சம்பாத்தியத்தை பெருசா பாதிக்காத காயத்துக்கு அது போதும். ஆனா உங்க அண்ணன் டைல்ஸ் ஒட்டுறவர். அந்த வேலை பாத்தவங்களுக்கு தெரியும், நாள் பூரா குத்துக்கால் போட்டு உக்காந்து, முட்டி போட்டு, நூல் புடிச்சு, மட்டம் பாத்து, ஒரு கல்லை வச்சு ரப்பர் சுத்தியால தட்டிட்டு அப்படியே பின்னாடி நகரணும், எந்திரிச்சு போய் கல்லு அறுக்கணும், மறுபடி உக்காரணும். கால் மடங்கலைன்னா அந்த தொழிலே இல்ல. சுப்ரீம் கோர்ட் 2010-ல ராஜ்குமார் கேஸ்ல இதைத்தான் சொல்லுச்சு, டாக்டர் எழுதுற ஊன சதவீதம் வேற, அதனால தொழில்ல வர்ற நஷ்டம் வேற, இடது கை போன ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட முழு சம்பாத்தியமும் போயிடும், அதே கை போன ஒரு அரசு கிளார்க்குக்கு வேலையே போகாம இருக்கலாம். இதை ட்ரிப்யூனல்ல சாட்சி வச்சு நிரூபிக்கணும், வைத்தியம் பாத்த டாக்டர் வரணும், கூட வேலை செஞ்சவர் வந்து சொல்லணும், வருமானத்துக்கு ஆதாரம் காட்டணும். உழைப்பு வேணும், நேரம் ஆகும்.

புரோக்கர் ஆபீஸ் இந்த உழைப்பை போடாது. அவங்களுக்கு ஒரு கேஸ்ல 16 லட்சம் வாங்கித்தர்றதை விட பத்து கேஸை ஆளுக்கு 3 லட்சம்னு சீக்கிரமா முடிக்கிறது லாபம், போட்ட முதலீடு சீக்கிரம் திரும்பணும். உங்க அண்ணன் காலுக்கு அஞ்சு மாசத்துல எலும்பு முழுசா கூடியிருக்குமாங்கிறதே சந்தேகம், அது கூடி, பிசியோ முடிஞ்சு, கால் எவ்வளவு மடங்குதுன்னு பாத்து அதுக்கப்புறம்தான் நிரந்தர ஊனம் எவ்வளவுன்னு சொல்ல முடியும். அதுக்கு முன்னாடியே ஏன் முடிக்க பாக்குறாங்கன்னு இப்ப புரியுதா. எலும்பு முறிவு மாதிரி கொடுங்காயம்னா யார் மேல தப்புன்னு நிரூபிக்காமலேயே 2.5 லட்சம் கேக்க மோட்டார் வாகனச் சட்டத்துல தனியா ஒரு பிரிவு இருக்கு, 164. அதாவது எந்த வக்கீலும் பெருசா வாதாடாம கிடைக்கிறதை விட வெறும் 50,000 அதிகமா வாங்கி அதுல 35 பர்சென்ட் எடுத்துக்கிட்டு, 20,000-ஐ கழிச்சு, உங்க கைல 1,75,000 குடுக்கப் போறாங்க. அந்த காலுக்கு அவ்வளவுதான் விலை.

லோக் அதாலத், அதாவது ரெண்டு தரப்பும் பேசி சமரசமா முடிக்கிற மக்கள் நீதிமன்றம், கெட்டதுன்னு நான் சொல்லல, நல்ல தொகை பேசி முடிச்ச குடும்பங்கள் எத்தனையோ இருக்கு. ஆனா அங்க ஒருதடவை ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அது முடிவு, அதுக்கு மேல அப்பீல் கிடையாது. அதனால அண்ணன் நேர்ல போகாம, தொகை என்னன்னு படிச்சு பாக்காம எதுலயும் கையெழுத்து போடக்கூடாது. ஏற்கெனவே வெத்து பேப்பர்ல கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்க, அதை சமரச மெமோவா மாத்தி டைப் அடிச்சுக்க வாய்ப்பு இருக்கு, அதுக்குத்தான் கீழ சொல்றதை இந்த வாரமே செய்யணும்.

அந்த 35 பர்சென்ட். வக்கீல் தொழில் நடத்தை பத்தி வக்கீல்களை கண்காணிக்கிற இந்திய பார் கவுன்சில் போட்ட விதிகள்ல ரொம்ப தெளிவா இருக்கு, கேஸ் ஜெயிச்சா இவ்வளவுன்னு ஃபீஸ் பேசக்கூடாது, வர்ற பணத்துல பங்கு கேக்கக்கூடாது, ஆள் வச்சு கேஸ் புடிக்கக்கூடாது. 2017-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு தெலங்கானால இருந்து ஒரு கேஸ் வந்துச்சு, பி. சுனிதா கேஸ். விபத்துல கணவரை இழந்தவங்க, நஷ்டஈடு வந்துச்சு, வக்கீலுக்கு 10 லட்சம் ஃபீஸ் குடுத்தாச்சு, அதுக்கு மேலயும் 3 லட்சத்துக்கு செக் வாங்கிக்கிட்டு, அது பவுன்ஸ் ஆனதும் அந்தம்மா மேலயே கிரிமினல் கேஸ். சுப்ரீம் கோர்ட் அந்த கேஸை ரத்து பண்ணுச்சு, வாங்கிக்குடுத்த தொகைல சதவீதம் கேக்குறது சட்டத்துக்கு விரோதம், அது தொழில் ஒழுங்கீனம்னு எழுதுச்சு. அதனால உங்க அண்ணன் என்ன ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருந்தாலும் அந்த 35 பர்சென்ட் பேப்பரை காட்டி கோர்ட்ல பணம் வசூல் பண்ண முடியாது. காட்டினா மாட்டுறது அவங்கதான்.

அடுத்தது அத்தை பையன் விஷயம், இதுல நான் கொஞ்சம் கடுமையாவே சொல்லணும். ஊர்லயே இல்லாத ஒருத்தரை பின்னாடி உக்காந்திருந்ததா சொல்லி பொய் பெட்டிஷன் போட்டா கையெழுத்து போட்டவர் குற்றவாளி, ஏமாத்துறது, பொய் சாட்சி, போலி ஆவணம் எல்லாம் வரும். பொய் வெளிய வந்தா உங்க அண்ணனோட உண்மையான கேஸும் சந்தேகத்துக்கு போயிடும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அதை விட வேற என்ன வேணும். உத்தரப்பிரதேசத்துல இந்த மாதிரி போலி க்ளெய்ம்களை விசாரிக்க 2015-ல அலகாபாத் ஹைகோர்ட் எஸ்ஐடி, அதாவது சிறப்பு விசாரணைக் குழு, போடச் சொல்லுச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வந்து, 2021 நவம்பர்ல 28 வக்கீல்களை பார் கவுன்சில் சஸ்பெண்ட் பண்ணுச்சு. நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டும் இங்க நடக்குற போலி க்ளெய்ம்களை விசாரிக்க உத்தரவு போட்டிருக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இப்ப ஆள் வச்சு ஏஆர் காப்பி, டிரைவரோட வாக்குமூலம், போன் லொகேஷன்னு எல்லாத்தையும் ஒப்பிட்டு பாக்குது. அத்தை பையன்கிட்ட இன்னைக்கே பேசுங்க, அவரோட ஆதார் காப்பி எதுவும் அவங்க கைக்கு போயிருக்கான்னு கேளுங்க, போயிருந்தா அதையும் கம்ப்ளைன்ட்ல எழுதணும்.

சரி, என்ன செய்யணும். முதல்ல கேஸ் நிஜமாவே ஃபைல் ஆகியிருக்கான்னு பாருங்க. கோர்ட் கேஸ் விவரம் தேடுற இ-கோர்ட்ஸ் ஆப் இலவசம், அதுல அண்ணன் பேரை போட்டோ எஃப்ஐஆர் நம்பரை போட்டோ தேடலாம். விபத்து நடந்த இடம், நீங்க இருக்குற ஊர், எதிர்தரப்பு இருக்குற ஊர் இதுல எங்க வேணும்னாலும் பெட்டிஷன் போடலாம், அதை பயன்படுத்தி உங்களால அடிக்கடி போக முடியாத தூரத்து கோர்ட்ல போட்டிருப்பாங்க, அதனால விழுப்புரம் மாவட்டத்தோட நிறுத்தாம பக்கத்து மாவட்டங்கள், சென்னைன்னா ஸ்மால் காசஸ் கோர்ட் எல்லாத்துலயும் தேடுங்க. ரெண்டு இடத்துல கேஸ் இருந்தா உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, ஒரே காயத்துக்கு ரெண்டு கோர்ட்ல கேஸ் போடுறதும் இவங்க வேலைதான், அது தெரியாம இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது பெட்டிஷனர்.

எங்கயுமே இல்லைன்னா அவசரம். 2022 ஏப்ரல்ல இருந்து விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள க்ளெய்ம் பெட்டிஷன் போடணும்னு சட்டத்துல இருக்கு. இந்த கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல வழக்கு நடக்குது, கெடு தாண்டிடுச்சுன்னு மட்டும் சொல்லி தள்ளக்கூடாதுன்னு 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவும் இருக்கு, ஆனா அதை நம்பி உக்காராதீங்க, உங்களுக்கு ஒரு மாசம் இருக்கு, அதுக்குள்ள போட்டுடுங்க.

அதோட ஸ்டேஷனுக்கு போங்க. இப்ப இருக்குற விதிப்படி விபத்து நடந்த 48 மணி நேரத்துல முதல் விபத்து அறிக்கையும், 90 நாள்ல விரிவான விபத்து அறிக்கையும் போலீஸ் ட்ரிப்யூனலுக்கு அனுப்பணும், பாதிக்கப்பட்டவங்க உரிமை என்னன்னு ஒரு படிவமும் உங்களுக்கு தரணும். இதை ஒழுங்கா செய்யச் சொல்லி 2022 டிசம்பர்ல கோஹர் முகமது கேஸ்ல சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டுச்சு. இந்த அறிக்கையையே ட்ரிப்யூனல் க்ளெய்ம் பெட்டிஷனா எடுத்துக்கலாம்னு சட்டம் சொல்லுது, இது ஒழுங்கா நடந்தா பாதி புரோக்கர்களுக்கு வேலையே இருக்காது, பல ஸ்டேஷன்ல நடக்குறதில்லங்கிறதுதான் வருத்தம். நீங்க எழுத்துல கேளுங்க. எஃப்ஐஆர் காப்பி, மோட்டார் வெஹிகிள் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட், சார்ஜ் ஷீட் போட்டிருந்தா அதுவும் வாங்கிடுங்க, ஆஸ்பத்திரில இருந்து ஏஆர் காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி. இதெல்லாம் உங்க கைல இருந்தா அவங்ககிட்ட இருக்குற ஃபைல் இல்லாமலே வேற வக்கீல் கேஸ் நடத்த முடியும்.

வக்கீலை மாத்துறதுக்கு யாரோட அனுமதியும் அண்ணனுக்கு வேண்டாம், கேஸ் அவரோடது. புது வக்கீல் பழைய வக்கீல்கிட்ட மாத்து வக்காலத்துக்கு, அதாவது கேஸை நடத்துற அதிகாரப் பத்திரத்தை தன் பேருக்கு மாத்துறதுக்கு, சம்மதம் கேப்பார், குடுக்கலைன்னா கோர்ட்ல பெட்டிஷன் போட்டு மாத்திக்கலாம். ஃபீஸ் பாக்கின்னு சொல்லி ஃபைலை புடிச்சு வச்சுக்க வக்கீலுக்கு உரிமை கிடையாதுன்னு 2000-லயே ஆர்.டி. சக்சேனா கேஸ்ல தீர்ப்பு இருக்கு. வக்கீலை மாத்தினா தோத்துடுமான்னா, தோக்காது தங்கச்சி, ஆவணத்தையும் சாட்சியையும் வச்சுதான் தீர்ப்பு, கோர்ட் வராந்தால யார் எத்தனை பேரோட நிக்கிறாங்கன்னு பாத்து இல்ல.

புரோநோட்டுதான் கொஞ்சம் கவலையான விஷயம். கையெழுத்து உங்க அண்ணனோடது, தொகையை அவங்க பின்னாடி எவ்வளவு வேணும்னாலும் நிரப்பிக்கலாம், அப்புறம் அது பொய்யின்னு நிரூபிக்கிற வேலை நம்ம தலைல விழும். அதனால அவங்க நோட்டீஸ் அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க அனுப்பணும். புது வக்கீல் மூலமா ரிஜிஸ்டர் தபால்ல ஒரு நோட்டீஸ், எந்த தேதி, எந்த வார்டு, என்னென்ன பேப்பர்ல கையெழுத்து, எதெல்லாம் வெத்தா இருந்துச்சு, வாங்கின தொகை 20,000 மட்டும்தான், அதை திருப்பி தர்றோம், எல்லா பேப்பரையும் திருப்பி குடுங்க, எங்க சம்மதம் இல்லாம எந்த சமரசமும் செல்லாது. அந்த 20,000-ஐ கைல குடுக்காதீங்க, பேங்க் மூலமா அனுப்புங்க. இதே விவரத்தோட ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுத்து, அதை வாங்கிக்கிட்டதுக்கு அவங்க தர்ற சிஎஸ்ஆர் ரசீதை வாங்கி வைங்க. கேஸ் ஏற்கெனவே ஃபைல் ஆகியிருந்தா அந்த ட்ரிப்யூனல்லயே அண்ணன் கையெழுத்து போட்ட ஒரு மெமோ தாக்கல் பண்ணி, நான் நேர்ல வராம எந்த செட்டில்மென்ட்டும் பதிவு பண்ணாதீங்கன்னு கேக்கலாம்.

வேற ஊர் பேங்க்ல அக்கவுண்ட் எதுக்குன்னா, பணம் வந்த அன்னைக்கே அவங்க எடுத்துக்குறதுக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டை நேரா பாதிக்கப்பட்டவரோட பேங்க் அக்கவுண்டுக்கே போடணும்னு 2025 மார்ச்ல பர்மிந்தர் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அது நல்லதுக்குத்தான் வந்துச்சு, ஆனா அந்த அக்கவுண்ட்டோட செக் புக்கும் ஏடிஎம் கார்டும் புரோக்கர் கைல இருந்தா என்ன பிரயோஜனம். அண்ணன் இத்தனை வருஷமா வச்சிருக்குற, அவர் போன் நம்பர் இணைச்சிருக்குற அக்கவுண்ட் போதும். ஆதார் காப்பி ஏற்கெனவே அவங்ககிட்ட போயிருக்கலாம்ங்கிறதால அண்ணன் பேர்ல வேற எங்கயாவது கணக்கு தொறந்திருக்கான்னும் பாத்துக்கோங்க.

புது வக்கீலுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-க்கு போன் பண்ணாலும் வழி சொல்வாங்க. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் இவங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல், மத்தவங்களுக்கு வருமானம் கம்மியா இருந்தா. தனியா வக்கீல் வைக்கிறதா இருந்தா முதல்லயே ஃபீஸ் எவ்வளவுன்னு ரூபாயில, எழுத்துல கேளுங்க, குடுக்குறதுக்கு ரசீது கேளுங்க, கேஸ் நம்பரையும் ஒவ்வொரு வாய்தா தேதியையும் உங்களுக்கே சொல்லணும்னு சொல்லிடுங்க. நேர்மையா இந்த கேஸை நடத்துறவங்க எல்லா கோர்ட்லயும் இருக்காங்க, அடிபட்டவரோட வீட்டு வாசலுக்கு அவங்க வரமாட்டாங்க, நீங்கதான் தேடிப் போகணும்.

உங்க பழைய வக்கீல் மேல பார் கவுன்சில்ல புகார் குடுக்கலாம், தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை ஹைகோர்ட் வளாகத்துல இருக்கு, வழக்கறிஞர் சட்டம் 35-வது பிரிவுல அவங்க விசாரிப்பாங்க. வக்காலத்துல அந்த வக்கீலோட பேரும் பதிவு எண்ணும் இருக்கும், அதனால கேஸ் பேப்பர் காப்பி எடுக்கும்போது முதல்ல வக்காலத்தை எடுங்க. சில நேரம் அந்த வக்கீலுக்கே தெரியாம அவர் பேரை புரோக்கர் பயன்படுத்தியிருப்பார், சில நேரம் அவருக்கு எல்லாமே தெரியும். எதுன்னு பார் கவுன்சில் பாத்துக்கட்டும். புகாரை முதல்ல குடுக்கணுமா கேஸை முதல்ல காப்பாத்தணுமான்னா கேஸைத்தான், ஆனா புகாரை விட்டுடாதீங்க, இதே ஆள் இன்னைக்கும் ஏதோ ஒரு வார்டுல நின்னுக்கிட்டிருப்பார்.

அண்ணனுக்கு ஊனச் சான்றிதழ் எடுக்குறப்போ புரோக்கர் கூட்டிட்டு போற டாக்டர்கிட்ட போகாதீங்க, ஆபரேஷன் பண்ண டாக்டரோ மெடிக்கல் போர்டோதான். வைத்தியமே பாக்காத டாக்டர் ரெடிமேடா எழுதிக்குடுக்குற சான்றிதழை நம்பாதீங்கன்னு அதே ராஜ்குமார் தீர்ப்புல ட்ரிப்யூனல்களுக்கு எச்சரிக்கை இருக்கு, அந்த மாதிரி பேப்பர் உங்க நல்ல கேஸை கெடுத்துடும். வருமானத்துக்கு சம்பள ஸ்லிப் இல்லைன்னு கவலைப்படாதீங்க, மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ ஜிபேல பணம் போட்டிருப்பாங்க, அந்த பேங்க் ஸ்டேட்மென்ட் ஒரு வருஷத்துக்கு எடுங்க, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தா அது, அவர் ஒட்டின வீடுகளோட ஓனர் ஒருத்தர் ரெண்டு பேர். வருமானத்தை கூட்டி எழுதச் சொன்னா ஒத்துக்காதீங்க, உண்மையான தொகையே போதும். லைசென்ஸ் இருந்துச்சா, ஹெல்மெட் போட்டிருந்தாரான்னு எதிர்தரப்பு கண்டிப்பா கேக்கும், அதையும் புது வக்கீல்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

திங்கட்கிழமையே கிளம்புங்க, முதல்ல இ-கோர்ட்ஸ் பாத்துட்டு ஸ்டேஷன், அங்க இருந்து சட்டப்பணிகள் ஆணைக்குழு. போகும்போது எஃப்ஐஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா எக்ஸ்ரேவும், அண்ணனோட ஆதார், பேங்க் பாஸ்புக், புரோக்கர் உங்களுக்கு அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தோட பிரின்ட் அவுட். அவர் போன் பண்ணா சண்டை போடாதீங்க, அண்ணன் யோசிச்சு சொல்றேன்னு சொன்னார்னு மட்டும் சொல்லிட்டு வச்சுடுங்க, நோட்டீஸ் போய் சேர்ற வரைக்கும் அது போதும்.